அகல ரயில்

ஒரு கேளிக்கைப் பூங்காவை இழுத்து மூடியபோது, அங்கே ஓடிய பெரிய ரயிலை வேறொரு பூங்கா வாங்கியது. புது இடத்தில் தண்டவாளத்தின் அகலம் பாதிதான். சக்கரங்களை உள்ளே தள்ளிப் பொருத்தியும் ரயில் வளைவுக்கு வளைவு ஆடியது.

"இன்னும் ஆடினால் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டியதுதான்" என்றார் மெக்கானிக்.

மாலையில் பெரிய ரயிலுக்கு உடம்பெல்லாம் வலித்தது. "தண்டவாளத்தைக் கொஞ்சம் அகலமாக்கினால் என்னவாம்?" என்று பக்கத்தில் நின்ற சின்ன ரயிலிடம் அலுத்துக்கொண்டது. "உனக்கென்னப்பா, இதற்கென்றே அளவெடுத்துச் செய்த உடம்பு!"

"அளவெடுத்தா? நானும் உன் அகலத்தில்தான் இங்கே வந்தேன். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவிட்டார்கள்" என்றது சின்ன ரயில்.

மறுநாள் முதலாவது வளைவு வந்ததும், பெரிய ரயில் யாரும் சொல்லாமலே உடம்பை ஒடுக்கிக்கொண்டது.