மூன்று மடிப்பு

தொற்று பரவி வேலை நின்றதும் ஊருக்குப் போகிற லாரியில் ஏறினோம். என் மனைவி பவளக்கொடி தன் பச்சைச் சேலையைக் கிழித்து எனக்கும், கூட வேலை பார்த்த ஏழுமலைக்கும் முகக்கவசம் தைத்திருந்தாள். அவன் அதைக் கழற்றித் தண்ணீர் குடித்தபோதுதான் பார்த்தேன். என்னுடையது இரண்டு மடிப்பு, அவனுடையது மூன்று.

"புருசனுக்கு ரெண்டு, அவனுக்கு மூணா?" என்று அவள் காதோரம் கேட்டேன்.

"போகுது பாரு புத்தி! அவன் இருமுனா உன்மேல படக்கூடாதுன்னுதான்யா. ராத்திரி பூரா லொக்கு லொக்குன்னு இருமுறான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வேலை பார்த்த இடத்துக் கொட்டகையில் எல்லோரும் ஒன்றாகத்தான் படுத்தோம். அவன் இருமி நான் கேட்டதேயில்லை. நான் அசதியில் கட்டை மாதிரி தூங்குகிறவன். லாரி ஊரை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் ஒரேயொரு தடவை இருமிவிட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு, அவன் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.