குப்பிக்குள் நெளிந்தது

இதை என்னிடம் முதலில் சொன்னது என் சின்ன நாத்தனார். போன மழைக்காலத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது. எங்கள் டோக்கனைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் இருப்பது சின்ன ஊர்தான். மண்ணுக்கு ஒரு ஆராய்ச்சி நிலையம், விதைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, கடைசியில் கொசுவுக்கும் ஒன்று என்று வந்ததில், கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டது. சொந்த வீடு உள்ளவர்கள் எல்லாரும் மேலே ஒரு மாடி எழுப்பி விஞ்ஞானிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள்.

நாத்தனாரின் பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு வந்து வாய்த்தது கொசு டாக்டர். தெரு வைத்த பெயர் அது. ஒடிசலான பெண். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"கொசுக் கூண்டுக்குள்ள கையை விட்டு, தன் ரத்தத்தையே குடிக்க விடுவாளாமே! கை பூரா தடிப்புத் தடிப்பா இருக்கு, பார்த்தீங்களா?" என்றார் வீட்டுக்காரம்மா, கணவரிடம்.

"நாம கொசுவை அடிக்கிறோம். அந்தப் பொண்ணு விருந்து வைக்குது. அவங்கவங்க வேலை."

"சிரிங்க, நல்லா சிரிங்க. வீட்ல பிள்ளைத்தாய்ச்சி இருக்கா."

அதுதான் விஷயம். மகளுக்கு எட்டாம் மாதம். முதலில் ஒன்று தங்காமல் போய், நேராத நேர்த்தியெல்லாம் நேர்ந்துகொண்ட பிறகு வந்தது இது. தெருக்கோடியில் யார் யாருக்கோ காய்ச்சல். கொசுக் காய்ச்சல் என்றார்கள். வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று நர்ஸ் சொன்னதிலிருந்து வீட்டுக்காரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தார். பட்டப்பகலிலும் மகளைக் கொசுவலைக்குள் உட்கார வைத்தார்.

"அம்மா, நான் என்ன வலையில மாட்டின மீனா?"

"பேசாம உள்ள இரு கண்ணு."

மகளின் கணுக்காலில் ஒருநாள் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.

"எறும்பும்மா."

"எறும்பு மாடியிலேர்ந்து பறந்து வருமா?"

அன்று முழுக்க மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நெற்றி தேயாமல் இருந்தது அதிசயம்.

மாடிக் குழாயில் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்குக் கொசு டாக்டர் கீழே சமையலறைக்குத்தான் வரவேண்டும். அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டதுமே வீட்டுக்காரம்மா மகளோடு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கடவுளே என்று கண்ணை மூடினாலும் கூண்டு கூண்டாகக் கொசுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலமும் அப்படித்தான். குடம் நிறைந்த சத்தம் கேட்டது. ஆனால் ஆள் போகிற சத்தம் கேட்கவில்லை.

வீட்டுக்காரம்மா மெல்லக் கதவைத் திறந்து, பூனை மாதிரி நடந்துபோய் எட்டிப் பார்த்தார்.

கொசு டாக்டர் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே தண்ணீரில் புழுப்புழுவாக எதுவோ நெளிந்தது.

வீட்டுக்காரம்மா ஒரே எட்டில் உள்ளே நுழைந்தார்.

"என்னது அது?"

அந்தப் பெண் திடுக்கிட்டுக் குப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "ஒண்ணுமில்லம்மா..."

"கொசுப்புழுதானே?"

"ஆமாம்மா."

"கூசாம ஆமாங்கிறியே! பிள்ளைத்தாய்ச்சி படுத்திருக்கிற வீட்டுக்குள்ள விஷத்தைக் கொண்டுவந்து வைக்கிறியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? உன் ஆராய்ச்சிக்கு என் பொண்ணு வயிறுதான் கிடைச்சுதா?"

"அம்மா, அப்படியெல்லாம்..."

"பேசாதே! மூட்டையைக் கட்டு. இப்பவே காலி பண்ணு. என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சு..."

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாம்மா. அக்கா காதுல விழவேண்டாம். கொஞ்சம் இங்க வாங்க."

ஃப்ரிட்ஜை நகர்த்தினாள். பின்பக்கம், அடியில் ஒரு தட்டு. ஃப்ரிட்ஜிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வந்து தேங்குகிற தட்டு. அப்படி ஒன்று இருப்பதே வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. குனிந்து பார்த்தார். தேங்கிய தண்ணீருக்குள் இன்னும் சில நெளிந்துகொண்டிருந்தன.

"இதை நான் கொண்டுவரலைம்மா. இங்கேர்ந்து எடுத்துட்டுப் போறேன். தண்ணிக்கு வர்றப்பல்லாம் இந்தத் தட்டைக் கொட்டி, தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் போவேன். போன வாரம் ஊருக்குப் போயிட்டேன் இல்லையா, அதுக்குள்ள மறுபடியும் வந்துடுச்சு."

"இது... அந்தக் காய்ச்சல்..."

"அந்த ரகம்தாம்மா."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்ல வந்தேன். கதவைச் சாத்திட்டீங்க. அப்புறம், நம்ம வீட்லயே வளருதுன்னு தெரிஞ்சா அக்கா பயத்துல தூங்கமாட்டாங்களேன்னு தோணிச்சு. நானே பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "என்னம்மா அங்க சத்தம்? யாரு?"

வீட்டுக்காரம்மா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தடிப்பு விழுந்த கையைப் பிடித்துக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"ஒண்ணுமில்ல கண்ணு. உன் தங்கச்சிதான், தண்ணி பிடிக்க வந்திருக்கா."

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை ஒருதரம் பார்த்துவிடுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.