ஆர்ச்சிக்கு ஏற்ற அயர்ன்

மூன்றாவது பந்தும் திரையின் ஓரக் கம்பியில் மோதி, ஆர்ச்சியின் காலடிக்கே உருண்டு வந்தது.

"பரவாயில்ல சார், குளிருல கை விறைச்சிருக்கும்" என்றாள் இஷ்பெல். டண்டீயில் இருக்கும் அந்தக் கோல்ஃப் கடையில், வந்தவர்களை அடிக்கவைத்துப் பார்த்து, அவரவருக்குப் பொருந்தும் அயர்ன் மட்டைகளைச் சொல்வது அவள் வேலை. "உங்க ஹேண்டிகேப் எவ்வளவு?"

"இருபத்திரண்டு" என்றார் ஆர்ச்சி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

காகிதத்தில் அது உண்மைதான். எண் பெரிதாக இருந்தால் ஆட்டக்காரர் மோசம் என்று பொருள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி என்பதால், எதிராளி அதற்கேற்ப அடிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் இறைச்சிக் கடை ஆர்ச்சி சாதாரண ஆட்டங்களில் வேண்டுமென்றே சொதப்பி, அந்த எண்ணைக் குறையவிடாமல் காப்பாற்றி வந்தார்.

அந்தப் புண்ணியத்தில் இரண்டு வருடமாகக் கிளப் கோப்பை அவர் கடை ஜன்னலில்தான் இருக்கிறது. சனிக்கிழமை டாக்டர் கெய்ர்டுடன் இறுதி ஆட்டம். மூன்றாம் முறையும் ஜெயித்தால் கோப்பை அவருக்கே சொந்தம். போன வருட வெற்றிக்குப் பரிசு என்று, கமிட்டி இந்த வாரம்தான் நினைவு வந்து இந்தக் கடைக் கூப்பனை அனுப்பியிருந்தது.

இஷ்பெல் தடித்த தலை வைத்த மட்டைகளைக் கொண்டுவந்தாள். "இத எடுத்துக்கங்க. எப்படித் தப்பா அடிச்சாலும் பந்து ஓரளவு நேரா போகும். எங்க பெரியம்மாகூட இதுதான் வெச்சிருக்காங்க."

ஆர்ச்சியின் கண் சுவரில் மாட்டியிருந்த மெல்லிய அயர்ன்கள்மேல் போனது. கத்தி பிடித்தே வாழ்ந்த மனுஷன். அந்த மெல்லிய விளிம்பைப் பார்த்ததும் ஆசை தாங்கவில்லை.

"அது?"

"அது நல்லா ஆடுறவங்களுக்கு சார். உங்களுக்கு எதுக்கு வம்பு? கை எரியும்."

"ஏம்மா, என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"இருபத்திரண்டு மாதிரிதான் தெரியுது."

ஆர்ச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் ஊரும் கிளப்பும் டே நதிக்கு அந்தப் பக்கம்; இந்தப் பக்கம் அவரைத் தெரிந்தவர் யாருமில்லை. ஏழாம் எண் அயர்னை உருவினார்.

முதல் பந்து திரையின் நடுவில் பாய்ந்தது. அடுத்ததும் அதே இடம். பதினைந்து பந்துகள், கோடு போட்ட மாதிரி. கணினி ஒவ்வொன்றின் வேகத்தையும் தூரத்தையும் குறித்துக்கொண்டே வந்தது. இஷ்பெல் வாயைப் பிளந்து நின்றாள். இரண்டு வருடமாக யாரும் தன்னை அப்படிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் ஆர்ச்சிக்கு உறைத்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இதுவா இருபத்திரண்டு? சும்மா விளையாடாதீங்க சார்!"

"அஞ்சு" என்று கண்ணடித்தார். "அதுகூட இருக்காது. எங்க கிளப் மடையனுங்களுக்கு இது தெரியாது. டாக்டரோட ஹேண்டிகேப் ஆறு. சனிக்கிழமை அவர் எனக்குப் பதினாறு அடி விட்டுத்தரணும், பாவம்!"

சிரிப்பு அடங்காமலே மெல்லிய மட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். அவர் அடித்த அத்தனை பந்துகளின் விவரமும் அச்சாகி வந்தது. இஷ்பெல் இரண்டு தாள்களை எடுத்தாள்.

"எதுக்கும்மா ரெண்டு?"

"ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு உங்க கமிட்டிக்கு சார். கூப்பன் வாங்கும்போதே கேட்டு வெச்சுட்டாங்க."