கேரலின் மீன்

"அந்தப் பக்கெட் எதுக்கு?"

ஐந்து வருஷம் கழித்து தியோடர் தன் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ராஜாவை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன், டாடி."

தியோடர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கேரல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முனிராஜை ரெஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, வாசலைக் காட்டி "போ" என்றவர். அதன் பிறகு மம்மியோடு போனில் பேசுவதோடு சரி. போன வாரம் மம்மி குளியலறையில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டாள் என்று கேட்டதும் மனசு தாங்காமல் அல்சூர் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டாள். முனிராஜ் தெருமுனையில் ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஹாலில் அதே கண்ணாடித் தொட்டி. உள்ளே தட்டு அகலத்துக்கு, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகளோடு ஆஸ்கார் மீன்.

முதல் சம்பளத்தில் சிவாஜிநகரில் வாங்கியது. என்ன குறும்பு! இவள் ஆபீஸ் விட்டு வந்தால் நாய்க்குட்டி மாதிரி உடம்பை ஆட்டிக்கொண்டு கண்ணாடி ஓரம் ஓடி வரும். விரலிலிருந்தே மண்புழுவைப் பிடுங்கித் தின்னும். அழகுக்கு வைத்த செடியையெல்லாம் பிடுங்கிப் போட்டு, கூழாங்கற்களை வாயால் தூக்கி இடம் மாற்றும். தண்ணீர் மாற்றினால் கோபம். செத்த மாதிரி ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்து இவள் அழுதபோது டாடி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"ராஜா..." என்று கண்ணாடியில் விரலை வைத்தாள்.

மீன் விருட்டென்று பின்வாங்கி மூலையில் ஒடுங்கியது.

"மறந்துட்டான், மம்மி."

கட்டுப்போட்ட கையோடு சோபாவில் இருந்த மௌரீன் கணவரைப் பார்த்தாள்.

தியோடர் எழுந்து தொட்டிப் பக்கம் வந்தார். அவ்வளவுதான், மீன் துள்ளிக்கொண்டு மேலே வந்து அவர் கையைப் பார்த்து வாயைத் திறந்தது.

கேரலுக்குச் சுருக்கென்றது. பெண்ணைத் துரத்திவிட்டு, அவள் மீனை மட்டும் சொந்தம் கொண்டாடுகிறாரா?

"பரவாயில்ல, வீட்டுக்குப் போய் பழக்கிக்கறேன்." பக்கெட்டைத் தொட்டி அருகே நகர்த்தினாள்.

"அதைத் தொடாதே."

"என் மீன், டாடி."

"உன் மீன் இல்ல இது."

கேரலுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு மீன்கூட இல்லையா? சரி. நான் வரேன் மம்மி."

"கேரல், நில்லுடி!" மௌரீன் தடுமாறி எழுந்தாள். "நிஜமாவே அது உன் மீன் இல்ல. ராஜா நீ போன அடுத்த வருஷமே செத்துப் போயிட்டான்."

"போன்ல கேட்டப்பல்லாம் நல்லா இருக்கான்னு சொன்னியே?"

"இவர்தான் சொல்லக் கூடாதுன்னாரு. கடை கடையா அலைஞ்சு, இதைக் குட்டியா வாங்கிட்டு வந்து வளர்த்தாரு. 'என்னிக்காவது அவ திரும்பி வருவா. வந்து பார்க்கறப்ப தொட்டி காலியா இருந்தா அழுவா'ன்னாரு."

கேரல் அப்பாவைப் பார்த்தாள். அவர் இவள் பக்கம் திரும்பாமல் ஒரு கிண்ணத்தை நீட்டினார். அதில் மண்புழு நெளிந்துகொண்டிருந்தது.

"கையால கொடு. அடிக்கடி வந்து கொடுத்தா உன்கிட்டயும் பழகிடும்" என்றவர், ஜன்னல் வழியாகத் தெருமுனையைப் பார்த்தார். "அந்தப் பையனை எவ்வளவு நேரம் ஆட்டோவிலேயே உட்கார வைப்பே? உள்ள வரச் சொல்லு."