மொழிபெயர்ப்பாளரின் முறை

பிழைக்க வந்த ஊரில் நம் பெண்களையெல்லாம் மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு இழுத்து வந்து, நர்ஸ் சொல்வதைத் தமிழில் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அக்கா, இன்று தானே அந்த எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டு முடிவுக்காக வராந்தாவில் காத்திருக்கிறாள். இரண்டு யானைகள் தாராளமாக நுழையும் ஆஸ்பத்திரி அங்கியைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் நெஞ்சு அடிக்கிற அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. "எறும்பு கடிச்ச மாதிரிதான்னு எங்களை உள்ள தள்ளினீங்களே அண்ணி, இப்ப யாருக்கு உதறுது?" என்று சீண்டுகிறாள் பக்கத்திலிருக்கும் நாத்தனார். கதவு திறக்கிறது. நர்ஸ் தன் மொழியில் மெதுவாக ஏதோ சொல்கிறாள். அக்கா பழக்கத்தில் நாத்தனார் பக்கம் திரும்பி, "பயப்படாதீங்கம்மா, ஒரு இடம் சரியாத் தெரியலையாம். இன்னொரு படம் எடுக்கணுமாம்" என்கிறாள். சிரித்துக்கொண்டிருந்த நாத்தனாரின் முகம் வெளுக்கிறது. "உங்களைத்தான் அண்ணி சொல்றாங்க" என்று அக்காவின் கைப்பையை வாங்கிக்கொள்கிறாள்.