காசு கொடுத்து வாங்கிய குரல்

காசு கொடுத்து வாங்கிய பாட்டு காரில் பாடமாட்டேன் என்றால் மனுஷனுக்குக் கோபம் வராதா? பாச்சாவுக்கு வந்தது.

ஆபீசுக்குப் பார்த்தசாரதி, சின்ன காஞ்சிபுரத்துக்குப் பாச்சா. கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருட்டு சிடியை வாசற்படி ஏறவிட்டதில்லை. அமெரிக்காவில் இருக்கிற மகன் ஸ்ரீவர்தனிடம் சொல்லி, பழைய பாசுரப் பதிவுகள் அடங்கிய தொகுப்பு ஒன்றை இணையத்தில் முறையாக விலைக்கு வாங்க வைத்திருந்தார். அது வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் பாடியது. காரில் போட்டால் ஊமை.

"நம்ம பணம், நம்ம பாட்டு. நம்ம கார்ல கேக்கறதுக்கு எவன்கிட்ட போய் அனுமதி வாங்கணும்?" என்று காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்.

வழி தெரிந்தவள் மகள் ரக்ஷாதான்.

வேறெங்கும் பாடாதபடி விற்றவன் பூட்டுப் போட்ட பாட்டை முதலில் ஒரு வெற்று சிடியில் எழுத வேண்டும். எழுதியதை மறுபடி கம்ப்யூட்டருக்குள் எம்பி3 ஆக இழுக்க வேண்டும். பூட்டு கழன்றுவிடும். கூடவே பாடியவர் பெயரும் கழன்றுவிடும். ட்ராக் ஒன்று, ட்ராக் இரண்டு என்று மொட்டையாக வந்து நிற்கும். பெயர் வேண்டுமென்றால் பழையதைப் பார்த்துக் கையால் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரக்ஷா இதைச் சும்மா செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சென்னையில், டிவி பாட்டுப் போட்டிக்குக் குரல் தேர்வு. முதல் சுற்றில் தேறியிருந்தாள். அதே ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க செவிலிமேட்டிலிருந்து வருவதாக இருந்தார்கள். வேறு நாள் வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அப்பா வாயிலிருந்து ஒரு 'சரி' வந்தால் போதும்.

அதுதானே வராது. பெண்கள் பாடினால் குரல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பாச்சாவின் அப்பா போட்டது. பாச்சா அதில் ஒரு கமா கூட மாற்றவில்லை.

பாட்டில் மனசு குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று ரக்ஷா கணக்குப் போட்டிருந்தாள். துணைக்கு அம்மாவைக் கூப்பிட்டாள். "அப்பா சொல்றபடி கேளு" என்று சொல்லிவிட்டு சூடாமணி கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள். பாட்டைப் பற்றி அம்மாவிடம் போய்ப் பேசினோமே என்று ரக்ஷா தன்னையே நொந்துகொண்டாள். நவராத்திரிக்கு வருகிறவர்கள் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கெஞ்சினால்கூடச் சுண்டலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறவள் அம்மா.

மாற்றிய பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவதில் ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

பாச்சா பேச்சை நிறுத்தினார். நாற்காலியில் சாய்ந்தார். கண்ணோரம் நனைந்தது. "இதுக்குப் பேர்தான் குரல். இன்னொரு தரம் போடு."

போட்டாள். இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தாள். "அப்பா, ஞாயித்துக்கிழமை..."

"அதான் வேண்டாம்னு சொல்லிட்டேனே, கண்ணு. ஆத்துப் பொண்ணு டிவில போய் நின்னு பாடணும்னு என்ன தலையெழுத்து?"

கண்ணைத் திறக்காமல், அவ்வளவு பிரியமாகச் சொன்னார். கத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பாச்சா பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "என்ன சுத்தம், என்ன உருக்கம். இப்படிப் பாடினவ அப்புறம் எங்க போனாளோ தெரியலை. கேள்விப்பட்டதே இல்லையே."

காபியோடு வந்த சூடாமணி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"கல்யாணம் ஆயிருக்கும்" என்றாள்.

"இருக்கும், இருக்கும்" என்றார் பாச்சா. "ரக்ஷா, பேர் என்னன்னு பாரேன்."

ரக்ஷா பூட்டுப் போட்ட பழைய பாட்டைத் திறந்தாள். ஓரத்தில் பொடிப்பொடியாக ஆங்கில எழுத்து.

சூடாமணி ரங்காச்சாரி, திருப்புட்குழி.

ரங்காச்சாரி அவளுடைய தாத்தா. அம்மாவைப் பெற்றவர்.

ரக்ஷா திரும்பிப் பார்த்தாள். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்வாள் என்று ரக்ஷா நினைத்தாள். சொல்லவில்லை.

இதற்கு மேலும் அப்பாவால் எப்படி முடியாது என்று சொல்ல முடியும்? கல்லா அவர்?

"அப்பா, இது அம்மா பாடினது."

பாச்சா கண்ணைத் திறந்தார். மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தேளே, அன்னிக்கும் இதைத்தான் பாடினேன்" என்றாள் சூடாமணி.

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. காபியை எடுத்து ஆற்றினார், ஒரு வாய் குடித்தார். முகம் தெளிந்தது.

"அப்போ நல்லதாப் போச்சு. ரக்ஷாவுக்கும் இதையே சொல்லிக்குடு. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றவா கேட்டா பாடட்டும்."