எந்த அலமாரியில் வைப்பது?

"இந்த நடிகரோட சுயசரிதையைக் கதை அலமாரிக்கு மாத்துங்க. அந்த இடத்துல இந்தப் போர் நாவலை வைங்க." நூலகர் மேசைமேல் இரண்டையும் பொத்தென்று போட்டாள் தையல்காரம்மா.

"நாவல்தானேம்மா கற்பனை?"

"முந்நூறு வருஷத்துக்கு முந்தின சண்டை. அதுல சாகிற சிப்பாயை நெனச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது, அது நெசம். இந்த நடிகரு எழுதினது அத்தனையும் புளுகு."

"அவரோட தங்கச்சி சின்ன வயசுலயே ஜுரத்துல செத்ததைப் படிச்சு நானே அழுதுட்டேன். அதுவுமா புளுகு?"

"அந்தப் பக்கத்தை எடுங்க."

எடுத்தார். அதிலிருந்த பழைய படத்தில் சிறுவனுக்குப் பக்கத்தில், இடது புருவத்தில் வெட்டுத் தழும்போடு ஒரு சிறுமி.

தையல்காரம்மா முன்முடியை ஒதுக்கினாள். அதே புருவத்தில் அதே தழும்பு.

"கூடப் பொறந்தவ தையல் மிஷின் மிதிக்கிறான்னு எழுதினா எங்கண்ணனுக்குக் கௌரவக் கொறைச்சல். அதான் கொன்னுட்டான்."

நூலகர் எழுந்துபோய், சுயசரிதையைக் கதை அலமாரியின் அடித்தட்டில் வைத்தார்.